வெட்டினால் இரண்டா?

தஞ்சாவூரில் என் அக்காவின் பேத்திக்குப் போன மாதம் நிச்சயதார்த்தம். மாலைச் சிற்றுண்டிக்குக் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காப்பி. பிள்ளை வீட்டார் பெங்களூரில் இருக்கிறவர்கள் என்பதற்காக சாண்ட்விச்சும் சேர்ந்துகொண்டது. சமையல் காண்டிராக்டர் தாளில் எழுதியே கொடுத்திருந்தார்: ஆளுக்கு ஒரு சாண்ட்விச், 200 பேர், ஒன்று 40 ரூபாய். இலையில் வந்து விழுந்ததோ ஒரு முக்கோணம்.

நான் இன்னொரு முக்கோணத்துக்காகக் காத்திருந்தேன். காப்பிதான் வந்தது.

அன்று இரவு கொல்லைப்புறத்தில் கிடந்த ரொட்டி உறைகளை எண்ணினேன். இந்த வயதில் இது தேவையா என்று அக்கா கேட்டாள். பத்து உறைகள். உறைக்கு இருபது துண்டு. ஆக இருநூறு துண்டு ரொட்டி. இரண்டு துண்டுக்கு நடுவே சட்னியும் வெள்ளரிக்காயும் வைத்தால்தான் ஒரு சாண்ட்விச் என்றால், வந்தது நூறு. பில்லில் இருந்தது இருநூறு. மூலைக்கு மூலை ஒரு கத்தி இழுப்பு. அதற்குக் கூலி நாலாயிரம் ரூபாய்!

காண்டிராக்டரை விட்டுத் தள்ளுங்கள், அவருக்குப் பிழைப்பு. எனக்கு ஆத்திரம் வந்தது என் நண்பர் வாத்தியார் பேரில்தான். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், காண்டிராக்டர் கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். "இலையில் எது தனியாக உட்காருகிறதோ அது ஒன்று" என்றார்.

"தேங்காயை உடைத்தால் இரண்டு மூடி. இரண்டு தேங்காய் என்று எந்தக் குருக்களாவது சொல்வாரா?" என்றேன்.

அவர் அசரவில்லை. "மைசூர்பாகு? ஒரு தாம்பாளத்தில் கொட்டி அறுபது வில்லை போடுகிறான். ஒரு வில்லையைத் தின்றுவிட்டு, மைசூர்பாகில் அறுபதில் ஒரு பங்கு தின்றேன் என்றா சொல்கிறீர்?"

நல்ல அடிதான், ஒப்புக்கொள்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் பதில் வந்தது. மைசூர்பாகுக்குப் பிறவி கொடுப்பதே கத்தி. அதற்கு முன்னால் அது வெறும் பாகு. ஒன்று, இரண்டு என்ற பேச்சே கிடையாது. சாண்ட்விச் அப்படியா? கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு என்று மூடி அழுத்திய கணத்திலேயே அது பிறந்தாயிற்று. அப்புறம் வருகிற கத்தி வாய்க்குச் சௌகரியம் பண்ணிக் கொடுக்கிறதே தவிர, பிரசவம் பார்க்கவில்லை.

இந்த நியாயம் நமக்குப் புதிதும் இல்லை. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடிக்கிறோம். இரண்டு இலையோ மூன்று இலையோ, மடித்து வாயில் போட்டால் ஒரு தரம் வெற்றிலை போட்டதாகத்தான் கணக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாண்ட்விச் பிரபு பேரில் இந்தப் பண்டம் கிளம்புவதற்கு எத்தனையோ காலம் முன்பே, மடிப்புதான் ஒன்றை ஒன்றாக்குகிறது என்பது காவிரிக்கரைக்காரனுக்குத் தெரியும்.

சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2006-இல் இது கோர்ட்டுக்கே போயிற்று. ஒரு கடைத்தொகுதியில் ரொட்டிக் கடைக்காரர், வேறு சாண்ட்விச் கடைக்கு இடம் விடக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். மெக்ஸிகோ பாணியில் சப்பாத்தி மாதிரி ஒன்றைச் சுருட்டி விற்கும் 'பரிட்டோ' கடை வரப்போகிறது என்றதும் வழக்கு. சாண்ட்விச் என்றால் இரண்டு துண்டு ரொட்டி, பரிட்டோவில் ஒன்றுதான் என்று நீதிபதி தள்ளிவிட்டார். 2024-இல் இண்டியானா மாநிலத்து நீதிபதி ஒருவரோ, பரிட்டோவும் சாண்ட்விச் ஜாதிதான் என்றார்! நம் பக்கத்தில், அதே 2024-இல், கோயம்புத்தூர் ஓட்டல் முதலாளி ஒருவர் மத்திய நிதி அமைச்சரிடமே முறையிட்டார்: பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கைக்காரர்கள் பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கொடு, நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் என்று. ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் கேள்வி என்னவோ அதேதான்: இது ஒன்றா, இரண்டா?

தஞ்சாவூர் ஜில்லாக்காரன் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதில் இங்கே யாருக்கும் தகராறு இருந்ததில்லை. மரக்கால் என்றால் எவ்வளவு என்பதில்தான் தகராறு. ஊருக்கு ஊர் வேறு மரக்கால் இருந்தது. களத்தில் கூலி நெல்லுக்கு நிற்கிறவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு வேளைக் கஞ்சி. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இலும், மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இலும் வந்தன. அளக்கிறவன் கையிலேயே 'ஒன்று' என்பதையும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று பார்த்த பூமி இது. எங்கள் வாத்தியாரும் இங்கே பிறந்தவர்தான்.

காண்டிராக்டர் பில்லுக்கு வந்தார். உறைகளைக் காட்டினேன். அவர் வாதாடவில்லை, இரண்டாயிரத்தைக் குறைத்துக்கொண்டார். இதிலும் பாதி! "கல்யாணத்துக்கு சாண்ட்விச்சே வேண்டாம், இட்லி போட்டுவிடும்" என்றேன்.

பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டார்: "ஆளுக்கு ஒரு பிளேட்டுங்களா, ஒரு இட்லிங்களா ஐயா?"