பேய் கேட்டது, புருஷன் கேட்கவில்லை

"அவார்டு படம்" என்றாலே நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. 1980களில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். கதாநாயகி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் வீட்டில் பாதிப் பேர் உறங்கியிருப்பார்கள். அந்தப் பயத்துக்கு முழுத் தகுதி உடையது என்று பலர் சொல்லும் ஒரு ஹிந்திப் படத்துக்காக இங்கே வாதாட வந்திருக்கிறேன். படத்தின் பெயர் 'துவிதா'. ஆண்டு 1973. இயக்கியவர் மணி கவுல்.

துவிதா என்றால் இருமனம். இதுவா அதுவா என்று நெஞ்சு இரண்டாகக் கிடந்து அல்லாடும் நிலை. படமும் பார்த்தவர்களை இரண்டாகத்தான் பிரித்தது. அந்த ஆண்டின் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது மணி கவுலுக்குக் கிடைத்தது. அதே படத்தைச் சத்யஜித் ராய் தம் கட்டுரை ஒன்றில் கடுமையாக விமர்சித்தார். ராயே குறை சொன்ன படத்தை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஊரை விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்களான நமக்கு, இந்தப் படத்தோடு மற்றவர்களுக்கு இல்லாத ஓர் உறவு இருக்கிறது என்பதுதான் என் பதில்.

கதை மணி கவுலுடையதல்ல. ஜோத்பூர்ப் பக்கம் போருந்தா என்ற கிராமத்தில் வாழ்ந்த எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவுடையது. மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த கதைகளைக் கேட்டு, ராஜஸ்தானி மொழியில் தம் போக்கில் திருப்பி எழுதியவர் அவர். சாகித்ய அகாதெமி ராஜஸ்தானிக்கு விருது தரத் தொடங்கிய 1974இல் முதல் விருது அவருக்குத்தான். மணி கவுலும் ஜோத்பூரில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் பயின்றவர். கதை பிறந்த போருந்தாவுக்கே போய்ப் படத்தை எடுத்தார்.

ஒரு வணிகரின் மகன் கல்யாணம் முடிந்து மனைவியோடு ஊர் திரும்புகிறான். வழியில் கேர்ச் செடியில் பழம் சிவந்து கிடக்கிறது. ராஜஸ்தானி விருந்துகளில் கேர்-சாங்ரி என்று நாம் சாப்பிடுகிறோமே, அதே கேர்தான். புதுப்பெண் அந்தப் பழத்துக்கு ஆசைப்படுகிறாள். இதெல்லாம் பட்டிக்காட்டு ஏழைகள் தின்பது, நம் அந்தஸ்துக்கு ஆகாது என்கிறான் மாப்பிள்ளை. அவன் கவனமெல்லாம் கல்யாணக் கணக்கில் இருக்கிறது. அங்கே மரத்தில் குடியிருக்கும் பேய் ஒன்று அவளைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறது. வீட்டுக்கு வந்த சூட்டோடு, அப்பா குறித்த நல்ல முகூர்த்தம் தவறிவிடக்கூடாதென்று, மனைவியைத் தொடாமலே ஐந்து வருஷ வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுகிறான் மகன். பேய் அவன் உருவம் எடுத்து வீட்டுக்கு வருகிறது. ஒரு மகான் தந்த வரம் என்று கதை கட்டி, தினமும் ஐந்து பொற்காசுகளை மாமனார் கையில் வைக்கிறது. மகன் ஏன் திரும்பி வந்தான் என்ற கேள்வி காசுச் சத்தத்தில் அடங்கிப்போகிறது.

இந்த இடத்தில் நமக்கு உறைக்க வேண்டும். பொருள் தேடப் போகும் கணவனும், வாசலைப் பார்த்து நிற்கும் மனைவியும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறார்கள். பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட்டு, பாலைத் திணையையே அதற்கென்று ஒதுக்கி வைத்தவர்கள் நாம். மார்வாரி வணிகர்களுக்கு இதே விஷயத்துக்கு வேறொரு சொல் உண்டு. தொழிலுக்காகப் போகும் தொலைதூர ஊர்களை 'திசாவர்' என்பார்கள். அவர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்தார்கள். நம் முன்னோரும் அதே ஊர்களுக்கு ரயிலேறினார்கள். மனைவியை ஊரில் பெற்றோரிடம் விட்டு, இங்கே நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்பிய தலைமுறை அது. "குடும்பத்துக்காகத்தானே பாடுபடுகிறேன்" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் மணியார்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவளின் மனசு என்ன சொன்னது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 'துவிதா' எழுதி வைத்திருக்கிறது.

படம் மெதுவாகப் போகிறது என்பது முதல் குற்றச்சாட்டு. மெதுவாகத்தான் போகிறது. ஆனால் யாருடைய நேரம் அது என்று பாருங்கள். வெள்ளைச் சுவர், சிவப்பு முந்தானை, ஒரு கை, ஒரு பாதம், முக்காட்டுக்குள் ஒரு முகம். நடுநடுவே படம் அசையாமல் உறைந்து, சுவரில் மாட்டிய போட்டோ போல நிற்கிறது. அந்த வீட்டில் அவளுடைய பொழுது அப்படித்தான் நகர்ந்திருக்கும். மணி கவுல் துருபத் இசையை முறையாகப் பயின்றவர். பாட்டு எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்க்காமல், ஒரு ஸ்வரத்தின் மேல் நின்று நின்று பாடகர் ராகத்தைத் திறந்து காட்டுவதை ரசிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கச்சேரியில் அரை மணி ஆலாபனைக்குத் தலையாட்டுகிறவர்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத இந்தப் படத்துக்கு அந்தச் சலுகையைத் தரக்கூடாதா?

பேய்க் கதை என்றதும் புகையும் அலறலும் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். படத்தில் எந்த மாயாஜாலமும் கிடையாது. பாத்திரங்கள் வாய் திறந்து பேசுவது குறைவு. அவர்கள் மனதில் ஓடுவதை ஒரு குரல் சொல்கிறது. முகங்களிலும் பெரிய பாவம் எதுவும் இல்லை. கனவில் நாம் காண்பவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்: தெளிவாகத் தெரிவார்கள், உதடு அசையாது, ஆனாலும் சொன்னது நமக்குக் கேட்டிருக்கும். கணவன், பேய் இருவராகவும் நடித்திருப்பவர் ஒருவரே, ரவி மேனன். பேய்க்கென்று தனி ஒப்பனை கிடையாது. படத்தின் உயிர் இங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன். கிளம்பிப் போகாமல் அந்தக் கணவன் வீட்டிலேயே இருந்திருந்தால் யாராக இருந்திருப்பானோ, அவன்தான் அந்தப் பேய்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. கணவன் உருவில் வேறொருவன் வரும் கதை நமக்குப் புதிதல்ல. கௌதமர் உருவில் இந்திரன் வந்தான். கிரீஷ் கர்னாட் 1988இல் எழுதிய 'நாகமண்டலா' நாடகத்தில், ராணியிடம் ஒரு நாகம் அவள் புருஷன் வடிவில் வருகிறது. ஏ.கே. ராமானுஜன் வழியாகக் கர்னாடுக்குக் கிடைத்த கன்னட நாட்டுக்கதைகள் அதற்கு அடிப்படை. இந்திரன் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டு வரவில்லை. நாகமும் சொல்லவில்லை. ராஜஸ்தானத்துப் பேய் மட்டும், மாமனாரையும் ஊரையும் ஏமாற்றிவிட்டு, அவளிடம் வந்ததும் உண்மையைச் சொல்கிறது. நான் உன் கணவனல்ல, மரத்தில் இருந்தவன், உனக்குச் சம்மதமா என்று கேட்கிறது. கல்யாணம் நிச்சயித்தபோது அவளைக் கேட்கவில்லை. ஐந்து வருஷம் பிரிந்து போகும்போது கேட்கவில்லை. ஒரு பிடி பழம் வேண்டும் என்று அவளாகக் கேட்டதும் கேலிக்குத்தான் ஆளானது. அவள் வாழ்க்கையில் முதன்முதலாக அவள் இஷ்டத்தைக் கேட்டது ஒரு பேய்! அவள் சம்மதிக்கிறாள்.

"இதெல்லாம் சங்கப் பத்திரிகையில் எழுதும் விஷயமா? கட்டிய கணவன் வெளியூரில் இருக்க இன்னொருவனோடு வாழ்வதை நியாயப்படுத்துகிறீர்களா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். படம் அவளுக்குத் தீர்ப்பு எழுதவில்லை. நானும் எழுதவில்லை. கணவனையும் படம் வில்லனாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனையும் யாரும் கேட்கவில்லை. அப்பா நாள் பார்த்தார், அவன் கிளம்பினான். அவனுக்கு இருமனமே வரவில்லை என்பதுதான் அவனுடைய நஷ்டம். சொன்ன பேச்சைக் கேட்கும் நல்ல பிள்ளையாக இருந்த ஒரே காரணத்தால், தன் வீட்டிலேயே தான் அந்நியனாகும்படி ஆயிற்று அவனுக்கு.

அவள் தாயாகிறாள். செய்தி எட்டி, கணவன் ஓடி வருகிறான். ஒரே முகத்தோடு இரண்டு பேர். ஊர் திகைக்கிறது. ராஜாவிடம் நியாயம் கேட்கப் போகும் வழியில், ஆடு மேய்க்கும் ஒருவன் சோதனை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறான். பேயைத் தந்திரமாகத் தோல் பைக்குள் புகவைத்து, வாயைக் கட்டி, ஆற்றில் போட்டுவிடுகிறார்கள். எல்லோருக்கும் நிம்மதி. அசல் யார், போலி யார் என்று ஊரே விசாரித்ததே தவிர, அறைக்குள் குழந்தையோடு படுத்திருந்தவளிடம் போய் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைவிடத் தெரிந்த சாட்சி அந்த ஊரில் யார் இருந்தார்கள்?

இதே கதையை 2005இல் அமோல் பாலேகர் 'பஹேலி' என்று எடுத்தார். ஷாருக் கானும் ராணி முகர்ஜியும் நடித்து, பாட்டும் வண்ணமுமாக வந்த படம். நம்மில் பலர் பார்த்திருப்போம். குறை சொல்ல எனக்கு மனமில்லை, கண்ணுக்கு நிறைவான படம். ஆனால் அதில் கடைசியில் பேய் கணவன் உடம்புக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. பெண்ணுக்குப் பிரியமானவன் கிடைத்தான், ஊர் மரியாதையும் கெடவில்லை என்று நாம் நிம்மதியாக எழுந்து போகலாம். ஆடியவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றாது. 'துவிதா' அந்தச் சௌகரியத்தைத் தருவதில்லை. பேய் போய்விட்டது. கணவன் இருக்கிறான். இருவருக்கும் ஒரே முகம். நாளைக் காலையும் அவள் அந்த முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் நம்மைத் தொந்தரவு செய்வது இந்த முடிவுதான்.

படத்தில் குறையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். சில இடங்களில் சட்டகத்தின் அழகு அந்தப் பெண்ணின் வேதனையை மூடிவிடுகிறது. பழைய ராஜஸ்தானி சிற்றோவியத்தைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்க்கிறோம், நெருங்கி அழ முடியவில்லை. அழ வைக்காத படம் மனதில் நிற்காது என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். மெதுவாக எடுத்ததெல்லாம் கலை என்பதும் என் கட்சி அல்ல. இந்தப் படத்தின் மெதுவுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறேன். முதல் பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டால் அந்தக் காரணம் தெரியவே தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் உறங்கிய ஓர் இரவில், கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். இன்றும் நம் வீடுகளில் வளைகுடாவுக்குப் போனவர்களும், வேலை மாற்றலில் வேறு ஊரில் தனியாக இருப்பவர்களும் உண்டு. ஒரே வீட்டில் இருந்துகொண்டே இரவு பத்து மணிவரை கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் தலையைக் கவிழ்த்திருப்பவர்கள் அதைவிட அதிகம். படம் முடிந்ததும் அது நல்ல படமா, அறுவையா என்று சண்டை போடுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆண்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நாம் இந்த ஊருக்கு வந்தபோது உன்னிடம் கேட்டேனா?" பதில் வர நேரமாகலாம். படத்தைப் போலவே அதையும் பொறுமையாக இருந்துதான் கேட்க வேண்டும்.