உரியவனைக் கேளாத உடன்படிக்கை

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் புனித அந்தோனியார் திருத்தலம் ஒன்று உளது. அவ்வூர்க் கத்தோலிக்கரின் முன்னோர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் குடியமர்த்திய போர்த்துக்கேயர் என்பது மரபு. கடற்கரைக் கோட்டைகளுக்காகப் போரிட்டவர்களின் சந்ததியார் அப்பகைமன்னனின் மலைநாட்டிலேயே குடிகளானது எங்ஙனம்? விடை காணப் புகுவோர், அக்காலத்துப் போர்நிறுத்தப் பேச்சுக்களையும் அறிதல் வேண்டும்.

1638 மே 23இல் மட்டக்களப்பில் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தனர். போர்த்துக்கேயரை ஓட்ட ஒல்லாந்தர் உதவுவர். செலவை மன்னன் கறுவா முதலிய பண்டங்களால் ஈடுசெய்வான். கைப்பற்றும் கோட்டைகளில் மன்னன் விரும்பினாலன்றி ஒல்லாந்தக் காவற்படை இருத்தலாகாது என்பது மன்னன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் படியின் வாசகம். ஒல்லாந்தப் படியிலோ அந்நிபந்தனையைக் காணோம்! இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோம் என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது இதனைத்தான். கள்வனை ஓட்ட வேறொரு கள்வனை அழைத்த மன்னனையும் நாம் குற்றமற்றவன் என்று கூறோம்.

1640 டிசம்பரில் போர்த்துக்கல் ஸ்பெயினின் பிடியை உதறிற்று. ஒரே காலத்தில் இரு பகைவரைத் தாங்கவியலாத லிஸ்பன், 1641 ஜூன் 12இல் ஹேக் நகரில் ஒல்லாந்துடன் பத்தாண்டுப் போர்நிறுத்தத்தில் கைச்சாத்திட்டது. ஐரோப்பாவில் மை உலர்ந்தும் ஆசியாவில் வாள் உறையேறவில்லை. எஞ்சியதையும் பறித்த பின்னரே ஓய்வோம் என்பது பத்தாவியாவின் எண்ணம். காலிக் கோட்டை உமது, சுற்றுப்புறக் கறுவாக் காணிகள் எமது என்பது கோவாவின் வாதம். 1643இல் கோவா சென்ற ஒல்லாந்தத் தூதர் பொரேல் வெறுங்கையுடன் திரும்பினார். 1644 ஜனவரியில் நீர்கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. அதன் பின்னரே, அவ்வாண்டு நவம்பரில், கோவாவில் இணக்கம் பிறந்தது. கறுவா நிலங்களை இருவரும் பங்கிட்டுக் கொண்டனர்.

யாருடைய நிலம்? உரிமை கொண்டாடிய மன்னனைக் கேட்டவரில்லை. ஏர் பிடித்தவனையும் பட்டை உரித்தவனையும் கேட்பது எவர் கனவிலும் தோன்றியதில்லை. மன்னன் மறுமொழியைப் படையால் கூறினான். 1645 மேயில் வான் டெர் ஸ்டெல் என்பான் தலைமையில் வந்த ஒல்லாந்தப் படை அழிந்தது. 1652இல் போர்நிறுத்தம் மடிந்தது. 1656 மே 12இல் கொழும்பு வீழ்ந்தது. நகர வாயில் மன்னனுக்கும் அடைபட்டது. சினங்கொண்ட அவன் அயற்புறத்து மக்களை மலைக்குப் பெயர்த்து நிலத்தைப் பாழாக்கினான். அரசர் மூவரின் பிணக்குக்கு உழவனே வட்டி கட்டினான். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலளிப்போரையும் கொல்வோம் எனச் சட்டமிட்ட நாளில், அச்சமயத்தவருக்குக் கண்டியே அடைக்கலமாயிற்று.

இது பழங்கதை மட்டுமன்று. 2002 பெப்ரவரியில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்தத்தில் ஒப்பமிட்டனர். முஸ்லிம் மக்கள் பேச்சில் தனித்தரப்பு வேண்டினர். அரசாங்கக் குழுவினுள்ளே ஒரு முஸ்லிம் தலைவர் அமர்ந்தாரே தவிர, அவர்களுக்கெனத் தனி இடம் கிட்டவில்லை. 2008 ஜனவரியில் அவ்வுடன்படிக்கையும் முடிந்தது. பிறர் நம் நிலத்தைப் பங்கிட்டதற்கு வருந்தும் நாம், நமது அயலவனின் கேள்விக்குச் செவிசாய்த்தோமா? இனியொரு பேச்சு எழுமாயின், அக்காணிகளில் உழுவோரும் அக்கரையில் வலையிழுப்போரும், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், முதல்நாளே அமர இடம் வேண்டுமென நம் பிரதிநிதிகள் கேட்பாராக.