மங்கலான புள்ளிகள்

நெல்லிவாசல்நாடு இருக்கும் அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வான ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கிருந்த விஞ்ஞானிகள், யுரேனஸ் கிரகத்தின் அருகே ஒரு நட்சத்திரத்தின் ஒளி மங்கி மீண்டதைப் பதிவு செய்தார்கள். கிரகத்தின் வளையம் எவர் கண்ணிலும் படவில்லை. நட்சத்திரம் சிமிட்டியதே வளையம் உண்டென்பதற்கு அத்தாட்சியாயிற்று.

பிராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் மீண்டும் தலைதூக்குவதும் இப்படித்தான் முதலில் தெரியவருகிறது. சத்திரசிகிச்சையால் சுரப்பியை அகற்றிய பிறகு, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற பொருள் அநேகமாக இல்லாமற் போக வேண்டும். அது மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அளவுக்கு ஏறி, மறு பரிசோதனையிலும் இறங்காவிட்டால், நோய் திரும்பிவிட்டதென்று வைத்தியர்கள் கொள்வார்கள். எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை மட்டும் ரத்தம் சொல்லாது.

எலும்பு ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும் இந்த ஆரம்ப நிலையில் பெரும்பாலும் வெறுங்கையுடனே திரும்பும். பெட் ஸ்கேன் அவற்றினும் கூர்மையானது. கதிரியக்க மருந்தைச் சிறிது ஊசி மூலம் செலுத்தினால், அது புற்றணுக்களில் தங்கிப் படத்தில் ஒளிரும். அம்மருந்துகளிலும் தரபேதம் உண்டு. அமெரிக்காவில் 50 நோயாளிகளுக்கு இரண்டு வகை மருந்தாலும் படமெடுத்துப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஃப்ளூசிக்ளோவின் 13 பேரிடம் நோயைக் காட்டிற்று. பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிப் பற்றும் மருந்தோ 28 பேரிடம் காட்டிற்று!

மீதி 22 பேர்? அவர்களுடைய பி.எஸ்.ஏ. ஏறித்தான் இருந்தது, படம் மௌனம் சாதித்தது. நாம் அஞ்சுவது இந்த மௌனத்தைத்தான். "படம் சுத்தமாக வந்துவிட்டது" என்று வீட்டார் கற்கண்டு வழங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். ஆனால், மிஞ்சிய நோய்க்கான கதிர்ச் சிகிச்சை, பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டுமுன் தொடங்கினால்தான் அதிகப் பலன் தருகிறது. ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. விலா எலும்பில் தோன்றும் புள்ளி பல சமயம் வெறும் பொய்.

பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனுக்கு உபயோகிக்கும் காலியம்-68, 68 நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே மருந்து மலையேறி வராது. நெல்லிவாசல்நாட்டு நோயாளிதான் இறங்கிச் செல்ல வேண்டும். ரத்தத்துக்கு அந்த அவசரம் இல்லை. மலையிலேயே அதை எடுத்துக் கீழே அனுப்பச் சர்க்கார் வழி செய்வதற்குக் கோடிகள் வேண்டியதில்லை.

சிறுநீர் உபாதையைச் சொல்லவே கூசும் தகப்பனார்கள், பி.எஸ்.ஏ. எண்ணையா நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? பரிசோதனைச் சீட்டுகளைத் தேதிவாரியாக வீட்டிலுள்ளவர்களே சேர்த்து வைக்கட்டும். வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.