சார்ஜர் இல்லாத பெட்டியும் நமது ஒரு நாள் பேரும்

புதுப் போன் ஒன்றை வாங்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே போன் இருக்கிறது, ஒரு கேபிள் இருக்கிறது, சிம் தட்டைத் திறக்கும் ஊசி இருக்கிறது. சார்ஜர் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் "இப்ப எல்லாம் அப்படித்தாங்க வருது, சார்ஜர் தனியா எடுக்கணும்" என்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. 2020 ஒக்டோபரில் அப்பிள் கம்பனி தனது ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. சூழலைக் காக்கவாம், எல்லோர் வீட்டிலும் பழைய சார்ஜர் கிடக்கிறதாம். அடுத்த வருடமே சம்சுங் தனது விலை கூடிய போன்களில் அதே வேலையைச் செய்தது. பிறகு அந்தப் பழக்கம் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் விலை குறைந்த போன்களுக்கும் இறங்கி வந்துவிட்டது. போனின் விலை மட்டும் இறங்கவில்லை.

எல்லோர் வீட்டிலும் சார்ஜர் கிடக்கிறது என்று சொன்னவர்கள் நமது லயத்துக் காம்பராவைப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே ஐந்து பேருக்கு ஒரு சார்ஜர். அதன் கேபிளும் கழுத்தில் முறிந்து, டேப் சுற்றி, ஒரு கோணத்தில் வைத்துப் பிடித்தால்தான் ஏறும்.

இதை ஒரு தொழிற்சங்கப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சம்பளம் போதாது என்று நாம் கேட்கும்போதெல்லாம் "கையிலே டச் போன் வச்சிருக்கிறீங்களே" என்று ஒரு குத்தல் பேச்சு வருகிறது. அலுவலகத்தில் வருகிறது, டவுனில் வருகிறது, சில வேளை நமது ஆட்களிடமிருந்தே வருகிறது. அவர்களுக்குப் பதில் சொல்லிவிடுவோம். கொரோனாக் காலத்தில் பாடசாலைகளை மூடியபோது பாடம் போனில்தான் வந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே போனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சிக்னல் தேடி மலை மேட்டில் உட்கார்ந்து படித்ததை நாம் மறக்கவில்லை. இன்றைக்கும் ஆசிரியர் வீட்டுவேலையை வட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறார். சம்பளம் வங்கிக்குப் போகும் தோட்டங்களில் காசு விழுந்த செய்தி போனுக்குத்தான் வருகிறது. பிரசவ வலி வந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும். மண்சரிவு அபாயம் என்றால் முதலில் சத்தம் போடுவது போன்தான். கொழும்பில் வேலை செய்யும் மகனின் குரலும், குவைத்துக்குப் போன அம்மாவின் முகமும் அதற்குள்தான் இருக்கின்றன. கொழுந்துக் கூடையைப் போல, மழைப் படங்கைப் போல, இதுவும் இல்லாமல் முடியாத சாமான். ஆகவே இதற்குப் போகும் காசு சம்பளப் பிரச்சினைதான்.

கணக்கைப் பார்ப்போம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி ஒரு நாளுக்கு 1,550 ரூபாய், வருகைக்கு 200 ரூபாய். அந்த 1,550இல் நமது ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 124 ரூபாய் கழிந்தால் மிச்சம் 1,426. வேகமாக ஏற்றும் கம்பனிச் சார்ஜரின் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு பேரைக் கொடுக்க மனம் வராமல் திரும்புகிறோம். நடைபாதையில் கொட்டி வைத்திருக்கும் சார்ஜர் அரைப் பேருக்குக் கிடைக்கிறது. அதை எடுத்து வருகிறோம். மூன்று வாரத்தில் சூடேறி, கருகிய மணம் அடித்து நின்றுவிடுகிறது.

அதைத் திருப்பிக் கொடுக்க யார் போவது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடை திறக்கும் நேரம் நாம் மலையில். நிறுவை முடிந்து இறங்கும்போது பஸ் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போனால் "வாங்கிக் கொடுத்த தம்பி இன்னைக்கு லீவு" என்பார்கள். கிழமை நாளில் போனால் ஒரு பேர் போகும், வருகைக் காசும் கணக்கில் இடிக்கும், அதற்கு மேல் பஸ் காசு. எண்ணூறு ரூபாய்ச் சார்ஜருக்காக இரண்டாயிரம் ரூபாயை யார் விடுவார்? இது கடைக்காரருக்கும் தெரியும், சாமானை இறக்குபவருக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பதும் அவர்களது வியாபாரக் கணக்கில் ஒரு வரிதான்.

மலிவுச் சார்ஜரில் காசு மட்டும் போவதில்லை. நாட்டில் இப்போது சதுரக் கட்டை உள்ள 13 அம்பியர் பிளக்தான் தரம். நமது லயங்கள் பலவற்றில் வயர் இழுத்தது எந்தக் காலத்தில் என்று யாருக்கும் நினைவில்லை. பழைய உருண்டைத் துளைப் பொயின்ட்தான் இருக்கிறது. அதிலே ஒரு மல்டி பிளக், அதன் மேல் இன்னொரு பிளக், அதில் டிவி, ரைஸ் குக்கர், இரண்டு போன். சதுரத் துளை இருக்கும் வீட்டிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு கட்டைச் சார்ஜர் நுழைவதற்காக மேல் துளைக்குள் பேனை மூடியைக் குத்தி வைக்கிறார்கள். அந்த மேல் துளை எர்த் கட்டைக்கு உரியது. எர்த் கட்டை நுழைந்தால்தான் கீழே மின்சாரம் ஓடும் இரண்டு துளைகளின் மூடியும் திறக்கும். பிள்ளைகளின் விரல் போகாமல் இருப்பதற்காக வைத்த பூட்டை நாமே பேனையால் திறந்து விடுகிறோம். மழை நாளில் ஈரக் கையோடு பிள்ளை அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. போனை ஏற்றும்போதே காதில் வைத்துப் பேசுவதும், தலையணைக்கடியில் வைத்து ஏற்றிக்கொண்டு தூங்குவதும் வேண்டாம் என்று மாதர் சங்கக் கூட்டங்களில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் லயத்தின் வயரை மாற்ற வேண்டியது நிர்வாகத்தின் வேலை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இனி டெலிபோன் கம்பனிகளிடம் வருவோம். வெளிநாடுகளில் கம்பனியே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போனை மாற்றித் தரும், ஒப்பந்தம் முடியும்வரை ஆள் விலக முடியாது, அங்குள்ளவர்கள் அதைப் பற்றிப் புலம்புவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நாம் ரீலோட் போட்டுப் பேசுகிறவர்கள், நமக்கு யாரும் எதையும் மாற்றித் தருவதில்லை. ஆனால் மாற்றச் சொல்லி நெருக்குவது இங்கேயும் உண்டு, வேறு வழியில். கம்பனிகள் 3ஜியை நிறுத்தி, அந்த அலைவரிசையை 4ஜிக்கு மாற்றி வருகின்றன. 3ஜி மட்டும் பிடிக்கும் போன் வைத்திருப்பவருக்கு அன்றோடு இன்டர்நெட் இல்லாத மாதிரிதான். மிஞ்சும் 2ஜியில் ஒரு படம்கூட இறங்காது. 4ஜி போன் வைத்திருந்தாலும் அதில் வோல்ட்டி வசதி இல்லாவிட்டால், ஒரு கோல் வந்தவுடன் போன் 2ஜிக்கு இறங்கிவிடும், பேசி முடியும்வரை டேட்டா நிற்கும். போன் பழுது என்று நினைத்து அதைத் திருத்தக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். போனில் பழுதில்லை. தலைக்கு மேல் இருந்த வலையை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அறிவித்தல் வரவில்லையா என்றால், வந்தது. சிம்மை மாற்றுங்கள், போனை மாற்றுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். லொத்தர் விளம்பரத்துக்கும் ரிங் டோன் விளம்பரத்துக்கும் நடுவில் வந்ததை யார் வாசித்தார்? விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது.

இதோடு 2025 ஜனவரி 1 முதல் அண்ட்ரொய்ட் 4.4 மற்றும் அதற்கு முந்திய போன்களில் வட்ஸ்அப் நின்றுவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன்கள் ஒரே இரவில் பாதி செத்தன. பெட்டரி போனால் முன்பு மூடியைக் கழற்றிப் புதிதாகப் போடுவோம். இப்போது பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதைத் திறக்கக் கூலி, பெட்டரிக்கு ஒரு விலை, திறந்ததால் வரண்டி போகும் என்ற பயம். போதாததற்கு 2024 ஜனவரியிலிருந்து போனுக்கும் 18 வீத வற் வரி. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே வார்த்தைதான் வருகிறது: புதிது வாங்கு.

அப்போது தவணைக் கடை வாசலில் நிற்கிறோம். முற்பணம் கொஞ்சம், மிச்சம் மாதம் மாதம். தவணையில் கொடுக்கும் சில போன்களுக்குள் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். கட்டும் திகதி தவறினால் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும். மழையில்லாமல் கொழுந்து குறைந்து பேர் குறைந்த மாதத்தில்தான் தவணையும் தவறும். அந்த மாதத்தில்தான் அவசரங்களும் வரும். கடனை வசூலிக்க ஆயிரம் வழி இருக்க, ஒரு வீட்டுக்கு இருக்கும் ஒரே போனைப் பூட்டுவதை நாம் ஏற்க முடியாது. கையெழுத்து வைக்கும் முன், பூட்டு இருக்கிறதா, முழுக் கணக்கில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இரண்டு கேள்வியையாவது கேளுங்கள். இளம் தோழர்களுக்கு இது கசக்கலாம்: கமரா நான்கு இருக்கிறது என்பதற்காகப் பன்னிரண்டு மாதக் கடனைத் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

வேறு நாட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பிரேசிலில் சார்ஜர் இல்லாமல் ஐபோன் விற்பது பாவனையாளருக்குச் செய்யும் அநியாயம் என்று 2022 செப்டம்பரில் அந்நாட்டு நீதி அமைச்சு தடை போட்டு, 1 கோடி 20 லட்சம் ரியாலுக்கு மேல் தண்டமும் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் புதுப் போன் எல்லாவற்றுக்கும் யூ.எஸ்.பி. சி என்ற ஒரே வகைத் துளைதான். எந்தக் கேபிளும் எந்தப் போனுக்கும் பொருந்த வேண்டும். அங்கே 2025 ஜூன் முதல், ஒரு போனின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடத்துக்கு அதன் உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும் என்றும் சட்டம் வந்திருக்கிறது. அதே கம்பனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது, நாம் கேட்டால்.

கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். சொன்ன உத்தரவாதத்துக்கு ஒவ்வாத சாமானைப் பற்றி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். சாமானை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிட முடியும். அவர்களது இலக்கம் 1977. சிம், சிக்னல், டேட்டா பற்றிய முறைப்பாட்டுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் இலக்கம் 1900. புதிதோ பழையதோ, காசைக் கொடுக்கும் முன் போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்கம் ஒன்று வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909க்கு அனுப்பினால் ஆணைக்குழுவில் பதிந்த போனா இல்லையா என்று பதில் வரும். பதியாத போனுக்கு வலையமைப்பில் இடமில்லை என்று 2025 ஆரம்பத்தில் ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. "குறைஞ்ச விலைக்குத் தாறேன்" என்று யாராவது நீட்டினால் இந்தச் சோதனையைச் செய்த பிறகே பேசுங்கள்.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்றால், பழைய காரணம்தான். ஒருவர் தனியாகப் போனால் ஒரு பேர் போகும். முப்பது பேரின் பற்றுச்சீட்டை ஒரே கடிதத்தில் வைத்து ஒருவர் எடுத்துப் போனால், போவது ஒரு பேர்தான், முறைப்பாடு முப்பது. நிறுவையில் கிலோ வெட்டியபோது நாம் தனித்தனியாகவா போய்க் கேட்டோம்?

நமது கோரிக்கைகளை இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறோம். எந்தப் பிரதேசத்தில் பழைய வலையை நிறுத்தினாலும் மூன்று மாதத்துக்கு முன் தமிழில் அறிவித்து, எந்தத் தோட்டத்தில் எந்தப் பிரிவுக்கு 4ஜி எட்டுகிறது என்பதைக் கம்பனி எழுத்தில் தரட்டும். அலைவரிசை உயர உயர எட்டும் தூரம் குறையும், மலை முகடு அதை மறைக்கும். டவுனில் நாலு கோடு காட்டுவதால் கீழ்ப்பிரிவு லயத்தில் சிக்னல் இருப்பதாகிவிடாது. சிம் மாற்றும் வேலையை டவுன் கிளையில் வைக்காமல், பெரட்டுக் களத்துக்கோ சம்பள நாளில் தோட்ட அலுவலக வாசலுக்கோ கொண்டு வரட்டும், இலவசமாக. தோட்டக் கூட்டுறவுக் கடைகள் அரிசி, மாவு விற்பதைப் போல, பற்றுச்சீட்டும் வரண்டியும் உள்ள நல்ல சார்ஜரையும் கேபிளையும் மொத்தமாக எடுத்து விற்கலாம். மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும். முக்கியமாக, பழுதானால் அதே மாலையில் திருப்பிக் கொடுக்கலாம், பேர் போகாது.

அடுத்த கிளைக் கமிட்டிக் கூட்டத்துக்குத் தலைவர்மார் இதை நிகழ்ச்சி நிரலில் போடட்டும். கருகிப்போன சார்ஜரை எறிந்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டு இருந்தால் அதனோடும், இல்லாவிட்டால் வாங்கிய கடை, திகதி, விலை எழுதிய ஒரு துண்டுக் கடதாசியோடும் ஒரு பையில் போட்டு, உங்கள் பிரிவின் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள். மூன்று மாதம் கடக்காதவற்றை முதலில் பிரித்து எடுத்துக் கடிதம் எழுதுவோம்.