மௌனத்தை யாரும் கேசட்டில் போடவில்லை

‘மௌன ராகம்’ படத்தில் எத்தனை பாட்டு? திண்டுக்கல் நாகல் நகரில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஐந்து. ஐந்தும் வாலி எழுதியவை. பாடியது எஸ்.பி.பி., எஸ்.ஜானகி இரண்டே பேர்.

“சரி, அந்தப் படத்தில் கார்த்திக் வரும்போது ஒரு இசை வருமே, அது எந்தக் கேசட்டில் இருந்தது?” என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பதில் வராது. ஆனால் அந்த இசையை வாயாலேயே முணுமுணுத்துக் காட்டுவார்கள். கேசட்டில் இல்லாத ஒரு மெட்டு, நாற்பது வருடமாக மனசிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

1986-ல் வந்த படம் அது. மணிரத்னம் இயக்கம், இளையராஜா இசை. கதை எல்லோருக்கும் தெரியும். விருப்பமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு டெல்லிக்குப் போகிறாள் திவ்யா. விவாகரத்து கேட்கிறாள். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு வரச் சொல்கிறது சட்டம். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் பேசிக்கொள்ள மறுக்கிறார்கள். படத்தின் பேரே மௌனம்தான். அந்த மௌனத்தைப் பேசவைத்தது பின்னணி இசை.

அன்றைக்குக் கடைக்கு வந்த கேசட்டில் இருந்ததோ ஐந்து பாட்டு மட்டும். மொத்தம் 25 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மௌனத்தை யாரும் கேசட்டில் போடவில்லை.

நாகல் நகர் சௌராஷ்டிர நெசவாளர்கள் நிறைந்த பகுதி. தறி ஓடிய வீடுகளில் பக்கத்திலேயே டிரான்சிஸ்டரும் ஓடும். முதலில் இலங்கை வானொலி, பிறகு கொடைக்கானல் பண்பலை 100.5. அதில் வந்ததும் பாட்டுதான். பாட்டு வேண்டுமென்றால் பேப்பரில் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுக்கலாம். இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பின்னணி இசையைப் பட்டியலில் எப்படி எழுதுவது? அதற்குப் பல்லவி கிடையாது, பேரும் கிடையாது.

ஒரே ஒரு வழி இருந்தது. வசனக் கேசட்! 1984-ல் வந்த ‘விதி’ படத்தின் வசனம் டீக்கடை, கல்யாண வீடு என்று ஒலிக்காத இடமில்லை. ஞாயிறு மதியம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் வேறு. அவற்றில் வசனத்துக்கு அடியில் பின்னணி இசையும் கேட்கும். வயலின் ஏறி வரும் நேரம் பார்த்து யாராவது அழுதுகொண்டே பேசிவிடுவார்கள் என்பதுதான் ஒரே குறை.

தறிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். கடையில் சேலையைப் பிரித்தால் வாங்க வருபவர் கண் முதலில் முந்திக்கும் கரைக்கும்தான் போகும். ஆனால் நெய்கிறவருக்கு அதிக நாள் பிடிப்பது உடல் பகுதி. பாட்டு முந்தி மாதிரி. இரண்டரை மணி நேரப் படத்தைத் தாங்குகிற உடல், பின்னணி இசை.

அது தயாராகும் விதமும் அப்படித்தான். படப்பிடிப்பு, எடிட்டிங், டப்பிங் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வருவது ரீ-ரெக்கார்டிங். சுமார் 11 நிமிடம் ஓடும் ஆயிரம் அடி ரீல் ஒன்றைத் திரையில் போடுவார்கள். இசையமைப்பாளர் பார்த்துவிட்டு நோட்ஸ் எழுதுவார். வயலின், செல்லோ, புல்லாங்குழல், கிட்டார் என்று கலைஞர்கள் மொத்தமாக உட்கார்ந்து, திரையில் படம் ஓட ஓட வாசிப்பார்கள். கதவு திறக்கிற நொடியில் ஒரு ஸ்வரம் நிற்க வேண்டுமென்றால் அந்த நொடியில் நின்றாக வேண்டும்.

இப்படிப் பதிவான இசை ஒரு டிராக்கில் இருக்கும். வசனம் வேறு டிராக்கில், கதவுச் சத்தமும் ரயில் சத்தமும் இன்னொன்றில். மூன்றையும் கலந்துதான் தியேட்டருக்கு அனுப்புவார்கள். கலந்த பிறகு பிரிப்பது, கொதித்து இறக்கிய சாம்பாரிலிருந்து புளியைத் திரும்ப எடுக்கிற வேலை. அந்தத் தனி டிராக் பத்திரமாக இருந்தால்தான், வசனம் இல்லாத சுத்தமான இசை ஆல்பமாக வெளிவர முடியும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு காதல் படமே சாட்சி. ‘டைட்டானிக்’ 1997-ல் வந்தது. படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஜேம்ஸ் ஹார்னரின் இசை ஆல்பமோ ஒரே ஒரு சிடி. கோடிக்கணக்கில் விற்ற பிறகும் “அந்தக் காட்சியில் வரும் இசை இதில் இல்லையே” என்று ரசிகர்கள் விடவில்லை. 1998-ல் ‘பேக் டு டைட்டானிக்’ என்று இரண்டாவது ஆல்பம் வந்தது. 2017-ல், படத்தின் இருபதாம் ஆண்டில், நான்கு சிடிக்கள் கொண்ட விரிவாக்கப்பட்ட பதிப்பு வெளியானது. அதைப் பார்க்க ஹார்னர் இல்லை. 2015-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். இசையமைத்தவரே போன பிறகும் இசை வெளியே வந்ததென்றால், ஒலிநாடாக்களை யாரோ பொறுப்பாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

“படம் இல்லாமல் வெறும் பிஜிஎம்மை யார் கேட்பார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பின்னணி இசையில் அரை நிமிடத் துண்டுகள் இருக்கும். ஒரே மெட்டு பத்து இடத்தில் திரும்ப வரும். அப்படியே கொட்டினால் அலுப்புத் தட்டும். எதைச் சேர்ப்பது, எதை எந்த வரிசையில் வைப்பது என்று தெரிந்த ஆள் தொகுக்க வேண்டும்.

ஆனால், கொடுத்தால் கேட்பார்கள் என்பதற்கு நம்மிடமே ஆதாரம் இருக்கிறது. 1995-ல் ‘பம்பாய்’ ஆல்பத்தில் பாட்டுகளோடு, ஒரு வரி கூடப் பாடாத ‘பம்பாய் தீம்’ இசையையும் சேர்த்தார்கள். மதம் தாண்டிய ஒரு காதல் கதைக்காக ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்த அந்த இசை, தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ (1996), பாலஸ்தீனப் படமான ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ (2002), ஹாலிவுட்டின் ‘லார்ட் ஆஃப் வார்’ (2005) என்று ஊர் ஊராகப் போனது. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தபோது, தமிழ்நாடே அதைத் தன் வீட்டு விசேஷம் போலக் கொண்டாடியது. சிம்பொனியில் ஏது பல்லவி!

நாகல் நகருக்கு அதில் கொஞ்சம் கூடுதல் உரிமை. 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை, இந்த ஊரும் இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் ஒரே மதுரை மாவட்டம்தான்.

அரசும் பின்னணி இசையைத் தனிக் கலையாக மதிக்கிறது. ‘பழஸிராஜா’, ‘தாரை தப்பட்டை’ இரண்டுக்கும் இளையராஜா பெற்ற தேசிய விருது, பின்னணி இசைக்காகத் தரப்பட்டதுதான். விருது கொடுத்த இசையைக் கடையில் கேட்டு வாங்கவும் வழி இருக்க வேண்டாமா?

அவசரம் ஒன்றும் இருக்கிறது. ஒலிநாடாக்களுக்கு வயதாகிறது. அசிட்டேட் ஃபிலிமில் பதிந்தவை சூட்டிலும் ஈரத்திலும் வினிகர் வாசனை அடிக்க ஆரம்பித்து, சுருங்கி, ஒருநாள் மெஷினில் ஓடவே மறுத்துவிடும். இன்றைய மென்பொருள் பழைய பதிவிலிருந்து குரலைத் தனியே பிரிக்கிறது. ஒரு பழைய கேசட்டில் இருந்த ஜான் லெனனின் குரலை அப்படிப் பிரித்துத்தான் 2023-ல் பீட்டில்ஸ் குழுவின் ‘நவ் அண்ட் தென்’ பாடலை வெளியிட்டார்கள். அதற்கும் கையில் ஒரு கேசட் இருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. இளையராஜா குழுவில் முதன்மை வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன், கிட்டார் வாசித்த சதானந்தம், புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன் என்ற அருண்மொழி... இவர்கள் வாசித்ததைக் கேட்டு அழாத வீடு கிடையாது. பாட்டுக் கேசட் அட்டையில் பாடகர் பேர் இருக்கும். வாசித்தவர் பேரைத் தேட வேண்டும். விரிவாக்கப்பட்ட ஆல்பத்தோடு வரும் புத்தகத்தில், எந்த வாத்தியத்தை யார் வாசித்தார் என்று அச்சடிக்க இடம் இருக்கும். சேலையில் தன் பேர் இல்லாமலே காலம் முழுக்க நெய்தவர்கள் வாழும் தெருக்களில், இதன் மதிப்பை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பரணில் பழைய வசனக் கேசட் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெயிலும் ஈரமும் படாமல், ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் இல்லாமல், நிமிர்த்தி வையுங்கள். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அப்பாவோ அம்மாவோ முணுமுணுக்கிற அந்த மெட்டு எந்தப் படம், எந்தக் காட்சி என்று இப்போதே கேட்டு, அட்டையில் எழுதியும் வையுங்கள்.