ஏர்போர்ட் பாரில் ‘இன்னும் ஒண்ணு’ சொல்றதுக்கு முன்னாடி... ஓசூர் பயணிகளே, இதைப் படிங்க!

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஃப்ளைட் என்றாலே பெங்களூரு கெம்பேகவுடா ஏர்போர்ட்தான். அத்திப்பள்ளி, சில்க் போர்டு என்று நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காகத் தாண்டணும். டிராஃபிக்குக்குப் பயந்து சீக்கிரமே கிளம்புவோம். ரோடு காலியாக இருந்தால் கையில் மூணு மணி நேரம் மிச்சம். எதிரே பார். ‘சும்மா ஒண்ணே ஒண்ணு’ ஆரம்பிப்பது இங்கேதான்.

நம் நாட்டில் உள்நாட்டு விமானங்களில் மது கொடுப்பதில்லை. அப்படியென்றால், அதில் போதையில் இருப்பவர் தரையிலேயே குடித்துவிட்டு ஏறியவர். அவரைத் தடுக்க வேண்டிய இடமும் தரைதான். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2017-ல் வெளியிட்ட விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: செக்-இன், லவுஞ்ச், போர்டிங் கேட் என எல்லா இடத்திலும் கவனித்து, பிரச்னை செய்யக்கூடியவரை ஏறவிடாமல் தடுக்க வேண்டும்.

மீறினால்? வாய்ச்சண்டை, போதையில் ரகளை என்றால் 3 மாதம் வரை பறக்கத் தடை. கைவைத்தால் 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்து என்றால் குறைந்தது 2 வருடம்.

2022 நவம்பரில் நியூயார்க் - டெல்லி ஏர் இந்தியா விமானம் நினைவிருக்கிறதா? போதையில் சக பயணி மீது சிறுநீர் கழித்ததாக ஒருவர் மீது புகார். அவர் மறுத்தார். ஆனாலும் 4 மாதம் தடை, வேலை போனது, பெங்களூருவில் கைது. ஏர் இந்தியாவுக்கும் 30 லட்சம் ரூபாய் அபராதம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கு. விமானிக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு, பயணிக்கு இல்லை. கேட்டில் நிற்கும் ஊழியர் தள்ளாட்டம், குழறல், வாடையைப் பார்த்து சில நொடிகளில் முடிவெடுக்கணும். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தவரும் இப்படித்தான் தள்ளாடுவார். ஊற்றிக்கொடுத்து காசு வாங்குவது பார். திட்டு வாங்குவது கேட் ஊழியர். ‘போதும் சார்’ என்று சொல்லும் பொறுப்பு பாருக்கும் வேண்டாமா?

அதுவரை நாம் செய்யக்கூடியவை:

* பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பதுபோலத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மதுவும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. தரையில் ‘ஸ்டெடி’யாக இருந்ததை நம்பாதீங்க.

* பக்கத்தில் யாராவது தள்ளாடினால் வீடியோ எடுக்காதீங்க. கதவு மூடும் முன் ஊழியரிடம் சொல்லுங்க. உடல்நலப் பிரச்னையாக இருந்தால் அவருக்கு மருத்துவ உதவியும் கிடைக்கும்.

* கூட வந்த நண்பர் ஓவரா? கைத்தாங்கலாக மறைத்து ஏற்றாதீங்க. டிக்கெட் போனால் வேறு வாங்கலாம். நடுவானில் அவரை இறக்கிவிட முடியாது.