வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

மெல்பர்னில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை காருக்குப் பின்னால் கேரவனைப் பூட்டி எங்களைப் பிலிப் தீவுக்கு அழைத்துப் போனார். தீவிலுள்ள கௌஸ் ஊரில் கேரவனை நிறுத்தி, அதற்குள்ளேயே உப்புமா கிண்டிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் பெங்குவின் பார்க்கக் கிளம்பினோம்.

இருட்டத் தொடங்கியதும் ஒரு முழ உயரம்கூட இல்லாத பெங்குவின்கள் அலையிலிருந்து எழுந்தன. கூட்டம் சேரும்வரை தயங்கி நின்று, பிறகு குடுகுடுவென்று வளைகளுக்கு ஓடின. அங்கே படம் எடுக்கத் தடை. முணுமுணுத்த பேரன், பத்தே நிமிடத்தில் கைப்பேசியை மறந்துபோனான்.

பெங்குவின்கள் கரையேறும் இந்தச் சம்மர்லேண்ட் முனையில் முன்பு ஒரு குடியிருப்பே இருந்தது. வீடு, நாய், கார், நரி எல்லாம் சேர்ந்து பறவைகளை ஒடுக்கின. 1985-ல் விக்டோரியா அரசு அந்த மனைகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. முடிக்க 2010 ஆயிற்று. இடையில் ஆட்சிகள் மாறியும் வேலை நிற்கவில்லை. 2017-ல் தீவில் நரியே இல்லை என அறிவித்தார்கள்.

சுற்றுலா வளர வேண்டுமென்றால் கரையோரம் கட்டடம் எழுப்பு என்பதுதான் வழக்கமான யோசனை. இங்கே கட்டடங்களை அகற்றியிருக்கிறார்கள். அப்படிப் பிழைத்த பெங்குவின்களைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. ஒதுங்கி நிற்பதும் வளர்ச்சிதான் என்பேன்.

திரும்பும்போது, காரை எடுக்குமுன் அடியில் பெங்குவின் இருக்கிறதா பாருங்கள் என்றது ஒரு பலகை. என் முழங்கால் வலியோடு நானும் குனிந்து பார்த்தேன்.